இமோரிக்கு வீடு கட்டிய நாள்

புருஷனோடு கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் மாற்றுத் துணியோடு வருவார்கள். விவரமானவர்கள் வங்கிப் புத்தகத்தோடு வருவார்கள். ஷிஹோ வந்தது ஓர் இமோரியோடு.

பல்லி ஜாடை, தவளை ஜாதி, தண்ணீரில் குடித்தனம். அதுதான் இமோரி. இந்த இமோரிக்கு முதுகு கறுப்பு, வயிறு செக்கச்செவேல். சிவப்புப் பயறான அஸுகியின் பெயரையே அதற்கு வைத்தவன் ஷிஹோவின் கணவன் யோஹேய். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது வயலில் இறங்கிப் பிடித்தான். இன்றைக்கு அவனுக்கு முப்பத்து நாலு வயது, அஸுகி இன்னும் குத்துக்கல்லாக இருக்கிறது. அவன் ஷிஹோவைக் கல்யாணம் செய்து ஆறு வருஷம்தான் ஆகிறது. முறைப்படி பார்த்தால் அஸுகி மூத்தாள், ஷிஹோ இளையாள்.

அவர்கள் குடியிருந்த நகோயாவில் நடந்தது இது. ஷிஹோ காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். வேலையிலிருந்து வந்த யோஹேய் தோள் பையைக்கூட இறக்காமல் கேட்ட முதல் கேள்வி, "அஸுகிக்குச் சாப்பாடு போட்டியா?" இரண்டாவது கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஷிஹோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். மறுநாள் அவன் கிளம்பிப் போனதும் அஸுகியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொண்டு பிறந்த ஊரான குஜோவுக்கு பஸ் ஏறினாள். அந்த வீட்டில் எதை எடுத்தால் அவனுக்கு வலிக்கும் என்று யோசித்தாள், அது ஒன்றுதான் கண்ணில் பட்டது.

அது ஆகி மூன்று வாரம். அப்பா இசாவோ அவளிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். உண்மையில் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. திரும்பி வந்த மகளிடம் எதை வைத்துப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த வீட்டில் அதைக் கோபம் என்றே வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை யோஹேயிடமிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. "நாளை சாயந்திரம் பஸ்ஸில் வருகிறேன். அஸுகியைப் பற்றிப் பேச வேண்டும்."

ஷிஹோ அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எத்தனை தடவை படித்தாலும் அதில் அவள் பெயர் இல்லை.

அவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அஸுகியை அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டால், அதற்குப் பிறகு அவன் குஜோவுக்கு வர ஒரு காரணமும் இருக்காது. "நீ வா" என்று அவன் வாய் திறந்து கூப்பிடும் வரை அஸுகி இங்கே இருந்தாக வேண்டும். ஆனால் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக்கொண்டு "இது இங்கேயே இருக்கட்டும்" என்று சொன்னால் எந்த முகத்தோடு சொல்வது? சனிக்கிழமை காலையில் கடை திறந்ததும் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி, செடி வைத்து, அவன் வருவதற்குள் ஒழுங்காக ஒரு வீடு கட்டிவிடுவது என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை காலை. மழைக்காலத்தில் தப்பித் தவறி வெயில் அடித்த நாள். மிஸோ சூப்பைக் குடித்து முடித்த இசாவோ கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"ஷெட்டுக்கு வா" என்றார்.

ஷிஹோ அம்மாவைப் பார்த்தாள். ஃபுமியே ஊறுகாய் முள்ளங்கியை நறுக்குவதில் மும்முரமாக இருந்தாள்.

ஷெட்டில், அவருடைய வேலை மேஜை மேல், ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. பெரிய தொட்டி, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டிய அளவு. அடியில் சலித்த வெள்ளை மணல். குறுக்கே வெயிலில் வெளுத்த வேர்க்கட்டை ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார். மூலையில் சப்பாத்திக்கள்ளி மாதிரி தடித்த இலைச் செடிகள். மேலே வலை மூடி, அதற்குப் பித்தளைக் கொண்டி. கடையில் காட்சிக்கு வைத்ததுபோல இருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"உன்... அதுக்கு" என்றார் இசாவோ.

"எப்பப்பா செஞ்சீங்க?"

"அப்பப்போ."

"ரொம்ப அழகா இருக்கு."

"மணலைத் தோண்டும்னு நெனைச்சேன். அதான் ஆழமாப் போட்டிருக்கேன்." அவருக்குப் பேச்சு மெல்ல இளகியது. "வீட்டுக்கு நல்லதுன்னு சொல்வாங்க. யமோரி வந்த வீடு விளங்கும்னு."

"எது வந்த வீடு?"

"யமோரி."

ஷிஹோ கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். மூன்று வாரமாக அப்பா தன்னை வெறுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்த நாள்களில், அவர் இங்கே உட்கார்ந்து பல்லிக்கு வீடு கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னடி? சரியில்லையா?"

"அப்பா, யமோரி சுவத்துல ஓடற பல்லி. நான் கொண்டு வந்தது இமோரி."

யமோரி வீட்டுக்குக் காவல், இமோரி கிணற்றுக்குக் காவல். பெயரே அப்படித்தான். ஒன்று ஈரம் பட்டால் ஓடும், ஒன்று ஈரம் போனால் சாகும். சின்னப் பிள்ளைகள் மாற்றிச் சொல்வது இந்த ஊரில் சகஜம். ஆனால் இசாவோ வயல்காட்டில் வளர்ந்தவர். அவர் மாற்றிச் சொல்ல மாட்டார். டப்பாவோ ஷிஹோவின் அறையை விட்டு வெளியே வந்ததில்லை. அவரிடம்தான் யாரோ மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த யாரோ துணிக் கூடையோடு ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, அப்பாகிட்ட என்னன்னு சொன்னே?"

"எல்லார்கிட்டயும் சொன்னதைத்தான் சொன்னேன். யமோரின்னு."

"ஏன்?"

"ஏனா? புருஷன் வீட்டுலேர்ந்து வந்தவ கையில இமோரியோட வந்திருக்கான்னு சொன்னா இந்தத் தெரு சும்மா இருக்குமா? 'சுட்டுப் பொடி பண்ணி மாப்பிள்ளை தலையில தூவப் போறாளா'ன்னு கேப்பாளுங்க. எதிர் வீட்டுக்காரி கேக்காம இருந்துடுவாளா? யமோரின்னா மூச்சு விட மாட்டா."

இமோரியைக் கருக்கிப் பொடி செய்தால் சொக்குப்பொடி. அந்தக் காலத்து நம்பிக்கை. இப்போது யாரும் நம்புவதில்லை, ஆனால் சொல்லிச் சிரிப்பதை விட்டபாடில்லை.

"ஊருக்குச் சொன்னே, சரி. எனக்குமா?" என்றார் இசாவோ.

"உங்க வாய்ல எது நிக்கும்? பொதுக் குளியலுக்குப் போயி, தண்ணியில எறங்கினதும் ஒவ்வொண்ணா அவுத்து விட்டுருவீங்க."

"நான் என்னிக்கு..."

"போன வருஷம் என் மூலத்தைப் பத்திச் சொன்னது யாரு?"

இசாவோ தொட்டியைப் பார்த்தார். "இதுல விட்டிருந்தா என்ன ஆகும்?"

"தோல் காஞ்சு போயிடும்பா. ரெண்டு நாள் தாங்கினா அதிகம்."

அவர் கொண்டியைக் கழற்றினார். வேர்க்கட்டையை எடுத்துக் கீழே வைத்தார். மணலைக் கை கையாக அள்ளி வாளியில் போட ஆரம்பித்தார். முகத்தில் வருத்தமோ எரிச்சலோ தெரியவில்லை.

"மாப்பிள்ளை அஞ்சு மணி பஸ்தானே? மழை பெஞ்ச மலைப்பாதை. சனிக்கிழமை வேற. லேட்டாத்தான் வரும். எந்திரி, வேலையைப் பார்க்கலாம்."

முதலில் தொட்டியைக் கழுவிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். சோப்புத் தூளோடு வந்த அப்பாவை ஷிஹோ பாதி வழியில் மடக்கினாள். சோப்பு ஆகாது, அது தோலாலேயே குடிக்கிற பிராணி.

"பாதி தண்ணி, பாதி தரை வேணும்பா. நீந்திட்டு ஏறி உக்காரும். ஏறதுக்கு சரிவா ஏதாவது வேணும். ஒட்டறதுக்கு நேரமில்ல, அடுக்கித்தான் நிறுத்தணும்."

இசாவோ ஷெட்டின் பின்னால் போய், போன புயலில் கூரையிலிருந்து விழுந்த ஓடுகளில் இரண்டைக் கொண்டுவந்தார். வளைந்த கறுப்பு ஓடு. ஒன்றைத் தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி சாய்த்து வைத்ததும் மேலே தரை, கீழே ஒளிந்துகொள்ள ஒரு குகை, இரண்டும் கிடைத்துவிட்டன. உடைந்த விளிம்பு கூர்மையாக இருந்தது. ஷிஹோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள்.

"வாய்க்கால்லேர்ந்து எடுத்த கல்லை எல்லாம் கொதிக்க வெக்கணும்மா. பெரிய பாத்திரம் ஒண்ணு குடு."

ஃபுமியே கொடுத்தாள். எதற்கு என்று தெரிந்த பிறகு பிடுங்கப் பார்த்தாள். "குளிர்காலத்துக்கு ஓடென் குழம்பு வைக்கிற பாத்திரம்டி அது! வாய்க்கா கல்லைப் போட்டு அவிக்கிறியே!"

"கழுவித் தரேன்."

"கழுவிக் குடுத்தா? அப்புறம் அதுல முள்ளங்கி வேகும்போதெல்லாம் எனக்கு இதுதானே ஞாபகம் வரும்!"

செடிக்கும் ஃபுமியேதான் வழி சொன்னாள். வயல் வரப்பில் கீரை வகை ஒன்று கொழுத்து நிற்கிறதாம், வேரோடு பிடுங்கி வந்துவிடலாமாம். ஷிஹோ வேண்டாம் என்றாள். வரப்புக்குக் களைக்கொல்லி அடித்திருப்பார்கள். வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலில் முழங்காலளவு இறங்கி, நீரோட்டத்தில் தலையாட்டிக்கொண்டிருந்த நீர்ச்செடியைப் பறித்தாள். மதில் கல்லில் படிந்திருந்த பாசியைக் கரண்டியால் தோசை எடுப்பதுபோல எடுத்தாள். எல்லாவற்றையும் நாலைந்து தண்ணீரில் அலசி நத்தை முட்டை ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தாள். காய்ச்சல் வந்து படுத்ததிலிருந்து அவள் இவ்வளவு நேரம் நிமிர்ந்து வேலை செய்தது இன்றைக்குத்தான்.

ஓட்டின் மேல் பாசியைப் பரப்பி, விரலால் அழுத்தி, ஓரங்களைக் கல்லுக்கு அடியில் செருகினார்கள். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் மகள்.

"மாப்பிள்ளை அதைக் கேட்டுத்தான் வராரா?"

"ஆமா."

"குடுத்துடுவியா?"

"மாட்டேன்."

இசாவோ ஒரு கல்லைத் திருப்பி வைத்தார். பிறகு பழையபடியே வைத்தார். "அது போயிட்டா அவர் வர மாட்டார்னு பாக்கறே."

ஷிஹோ தலையைத் தூக்கவில்லை. "வர மாட்டார்தானே?"

"எனக்கு என்ன தெரியும்? உங்கம்மா ரெண்டு தடவை கோவிச்சுக்கிட்டுப் போனா. ரெண்டு தடவையும் நான் போய்க் கூப்பிடலை. அவளாத்தான் வந்தா. ஏன் வந்தான்னு இன்னிவரைக்கும் கேக்கலை."

"ஏன் கேக்கலை?"

"கேட்டா மறுபடியும் போயிட்டான்னா?"

தோட்டத்து ஊற்றுக் குழாய்த் தண்ணீர் எலும்பைக் குத்துகிற குளிர். வாளிகளில் பிடித்து முற்றத்தில் வைத்து, டப்பாத் தண்ணீரோடு சமமாகும் வரை காத்திருந்தார்கள். பிறகு ஒரு தட்டின் மேல் விழும்படி மெல்ல ஊற்றினார்கள். ஆனாலும் கலங்கியது. தெளிந்தபோது மணி நாலைத் தாண்டியிருந்தது. குமிழ் விடுகிற சின்ன மோட்டாரை மாட்டினார்கள். குழாய் நுழைகிற ஓட்டையில் பஞ்சை அடைத்தாள் ஷிஹோ. இமோரி கண்ணாடியில் ஏறும், விரல் நுழைகிற இடம் இருந்தால் வெளியே போய் மேஜைக்கு அடியில் காய்ந்து கிடக்கும்.

கடைசியில் அஸுகியை விட்டாள். அது நேராகக் கீழே போயிற்று. ஓட்டுக்கு அடியில் நுழைந்தது. வெளியே வரவில்லை.

"புடிக்கலையோ?" என்றார் இசாவோ.

"புது வீடுப்பா."

"இங்க திரும்பி வந்த நாள் நீயும்தான் ரூமை விட்டு வெளிய வரலை" என்றாள் ஃபுமியே, உள்ளேயிருந்து.

அவளும் வந்து சேர, மூவரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கறுப்பு மூக்கு தெரிந்தது. அப்புறம் ஒரு கை. அஸுகி செடியைப் பிடித்துப் பிடித்து மேலே வந்து, பாசியில் மார்பை வைத்து, தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. இசாவோ கையைத் தட்டப் போனவர், அதற்கு அதிர்ச்சியாக இருக்குமோ என்று நிறுத்திக்கொண்டார்.

பஸ் லேட்டாகத்தான் வந்தது.

யோஹேய் ஒரு கையில் நகோயாவின் அரிசி மாவுப் பலகாரப் பெட்டியும் மறு கையில் ஒரு குளிர்ப் பெட்டியுமாக வாசலில் நின்றான். மீன் பிடிக்கப் போகிறவர்கள் எடுத்துப் போவார்களே, அந்த மாதிரி பெட்டி. அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் புரிந்தது. சட்டைக் காலர் இஸ்திரி கண்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.

"மாமா, அத்தை, தொந்தரவு குடுக்கறேன்."

"வாங்க மாப்பிள்ளை, வாங்க. உள்ள வாங்க" என்றாள் ஃபுமியே.

ஷிஹோவைப் பார்த்தான். "காய்ச்சல் விட்டுடுச்சா?"

"விட்டு மூணு வாரம் ஆச்சு."

அவன் தொட்டியின் முன்னால் போய்க் குந்தினான். அஸுகி அவனைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவன் நெடுநேரம் பார்த்தான்.

"இது என்ன தண்ணி?"

"ஊத்துத் தண்ணி. குளிர் போக வெச்சு ஊத்தினோம்."

"செடி?"

"வாய்க்கால்ல எடுத்தது. மருந்து அடிக்காத இடம்."

அவன் மூடியைத் தூக்கிப் பார்த்தான். கொண்டியை ஆட்டினான். குழாய் நுழைகிற இடத்தில் விரலை வைத்து அழுத்தினான், பஞ்சு அசையவில்லை. ஓட்டின் விளிம்பைத் தடவினான், வழவழவென்று இருந்தது. ஷிஹோ கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாதங்களை மனதுக்குள் ஒருமுறை அடுக்கிப் பார்த்துக்கொண்டாள். அலைந்தால் அதற்கு ஆகாது. உங்கள் வீட்டில் பகலில் ஆள் கிடையாது. இப்படி ஏழெட்டு இருந்தன.

யோஹேய் எழுந்தான்.

"இத்தனை வருஷமா நாலு கல்லைப் போட்டு ஒரு பொட்டியில வெச்சிருந்தேன். அதுக்குப் பாசியில படுக்கப் பிடிக்கும்னே எனக்குத் தெரியாது" என்றான். "இங்கேயே இருக்கட்டும்."

அவ்வளவுதான். ஷிஹோ ஒரு வாதத்தைக்கூட எடுக்க வேண்டியிருக்கவில்லை.

இசாவோவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஓடு எப்படிக் கிடைத்தது, கொண்டி எங்கே வாங்கியது என்று மாப்பிள்ளைக்கு ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். ஷிஹோ தேநீர் ஊற்றப் போனாள். அவள் நினைத்தது கிடைத்துவிட்டது, அதுவே தப்பாகவும் போயிற்று. தொட்டியை இவ்வளவு நன்றாகக் கட்டியிருக்க வேண்டாம். ஒரு கல் ஆடியிருந்தால்கூட, அதைச் சரி செய்ய அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லியிருப்பான். இப்போது அவனுக்கு இங்கே பார்க்க வேண்டிய வேலை எதுவும் இல்லை. அஸுகி இருந்தாலும் வர மாட்டான், போனாலும் வர மாட்டான். இதை முன்னாலேயே யோசித்திருக்கலாம் என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னாள் ஃபுமியே. கடைசி பஸ் போய்விடும் என்றான். ஒரு வாய் தேநீர் குடித்தான். வாசல் படியில் உட்கார்ந்து ஷூவை எடுத்தான். பக்கத்தில் காலிக் குளிர்ப் பெட்டி.

மாமியார்கள் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவதில்லை. "ஏன் மாப்பிள்ளை, அதை எடுத்துட்டுப் போகத்தானே பொட்டி கொண்டு வந்தீங்க? இப்ப வெறுங்கையோட போறீங்களே, வீடு வெறிச்சுனு இருக்காதா?"

"எங்க வீட்டுக்கு இல்ல அத்தை. கூட வேலை பார்க்கிற ஒருத்தன் வெச்சுக்கறேன்னான். அவன்கிட்ட விடலாம்னுதான் வந்தேன்."

"உங்க வீட்டுக்கு என்ன?"

யோஹேய் ஷூவைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "காலி பண்றேன். அடுத்த மாசம் எனக்கு மாத்தல். இந்தியாவுக்கு. தெக்கே சென்னைன்னு ஒரு ஊர். அங்க கம்பெனிக்கு ஒரு ஆலை இருக்கு. அஞ்சு வருஷம்."

"இந்தியாவா!" என்றார் இசாவோ. "அப்ப தினமும் கறிச்சோறா?"

ஃபுமியே அவர் முழங்கையில் இடித்தாள்.

"எப்பத் தெரியும்?" ஷிஹோ கேட்டாள்.

"அன்னிக்குத்தான் கூப்பிட்டுச் சொன்னாங்க. உனக்குக் காய்ச்சல் அடிச்ச அன்னிக்கு." ஒரு ஷூவுக்குள் காலை நுழைத்தான். "வழியெல்லாம் உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே யோசிச்சுக்கிட்டு வந்தேன். உள்ள வந்தா நீ படுத்திருக்கே. ஒண்ணும் தோணலை. எதையாவது கேக்கணுமேன்னு அஸுகியைக் கேட்டேன்."

மூன்று வாரம் ஷிஹோ வளர்த்த கோபம், இப்போது அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அவனுக்குப் பேச்சு கிடைத்துவிட்டது, அதையே பிடித்துக்கொண்டு போனான். "நிறைய விசாரிச்சேன். மிருக டாக்டர்கிட்டக் கேட்டேன். அங்க வேலை பார்த்துட்டு வந்தவங்ககிட்டக் கேட்டேன். கோடையில நாப்பது டிகிரி வரைக்கும் போகுமாம். அடிக்கடி கரண்ட் வேற போகுமாம். இருபத்தஞ்சைத் தாண்டினாலே இமோரிக்குக் கஷ்டம். என்ன பண்ணினாலும் அங்க அதால இருக்க முடியாதுன்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிட்டாங்க."

"நான்?" என்றாள் ஷிஹோ.

யோஹேய் நிமிர்ந்தான். மற்றொரு ஷூ கையிலேயே இருந்தது. அதை அவன் யாரிடமும் விசாரித்திருக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் வாசலில் நின்ற மூன்று பேருக்குமே அது தெரிந்தது.